போன சனிக்கிழமைச் சிரிப்பு

எங்கள் புத்தகக் கடைக்குச் சனிக்கிழமை வரும் குழந்தைகள், அம்மாவுக்குக் குரல் அனுப்பும்போது முதலில் அன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டோம், வெளியே மழையா வெயிலா என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "அட, என்னமா பழக்கியிருக்கீங்க" என்று மெச்சுகிறார்கள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் இதைப் படம் வேறு எடுத்துக்கொண்டு போனாள். பழக்கியது நாங்கள் இல்லை. மாஸ்கோவில் இருக்கிற தாய்மார்கள் அப்படிக் கேட்டார்கள். எங்கள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, அதனால் கேட்டார்கள். அது எப்படிப் போனது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். சைக்கல் அக்கா சொல்ல மாட்டாள்.

என் பெயர் புருல். கிர்கிஸ்தானில் உஸ்கென் எங்கள் ஊர், அதன் சந்தையில் செருப்புக் கடை வைத்திருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். செருப்பு வாங்க வந்து பேரம் பேசியே பொழுதைப் போக்கியவர்களிடம் வளர்ந்த வாய் அது. சைக்கல் அக்கா நூலகத்தில் வேலை பார்த்தவள். ஒருநாள் அந்த நூலகத்தையே கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். தூக்கிப்போடக் கிடந்த புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அரிசி மண்டிகள் இருக்கும் தெருவில் ஓர் இடம் பிடித்துக் கடை போட்டாள். புலாக் என்று பெயர் வைத்தாள். ஊற்று என்று அர்த்தம். அரிசிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா, இத யாரு திம்பா?" என்று கேட்டார்கள். "உங்க புள்ளைங்க திங்கும்" என்றாள் அக்கா. நான் அந்தப் பதிலுக்காகவே அவளிடம் வேலைக்குப் போனேன்.

பள்ளிப் புத்தகம், நோட்டு, வரைபடம், கலர் பென்சில், பழைய ரஷ்ய நாவல்கள் எல்லாம் விற்போம். அதில் கிடைப்பதை வைத்துத்தான் மற்ற வேலை. யாரிடமும் கைநீட்டக் கூடாது என்பது அக்காவின் பிடிவாதம். "வித்துத்தான் குடுக்கணும். தானம் வாங்கிக் குடுத்தா நாளைக்கு அவன் சொல்ற கதையத்தான் படிக்கணும்" என்பாள். கடை நடத்துகிறாளா தர்மம் நடத்துகிறாளா என்று ஊருக்குக் குழப்பம். சில மாதங்களில் எங்களுக்கே குழப்பம்தான்.

அந்த மற்ற வேலை என்னவென்றால், இரட்டைப் புத்தகம். எங்கள் ஊரில் எந்தத் தெருவை எடுத்தாலும் ஒரு வீட்டில் தாயாவது தகப்பனாவது ரஷ்யாவில் இருப்பார்கள். பிள்ளைகள் மாமன் வீட்டிலோ சித்தப்பன் வீட்டிலோ வளரும். ஊரைவிட்டுக் கிளம்பும் தாய்க்கு ஒரு கதைப் புத்தகம் கொடுப்போம். அதே புத்தகம் இன்னொன்று பிள்ளையின் பெயர் போட்டு எங்கள் அலமாரியில் இருக்கும். தாய் அங்கே படித்துப் போனில் குரலைப் பதிந்து அனுப்புவாள். சனிக்கிழமை பிள்ளை வந்து தன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும். நாங்கள் குரலைப் போட்டுவிடுவோம். "இப்பப் பக்கத்தத் திருப்பு கண்ணு" என்று மாஸ்கோவிலிருந்து ஒரு குரல் சொல்லும், இங்கே ஒரு சின்ன விரல் திருப்பும். முடிந்ததும் பிள்ளை சொல்வதை நாங்கள் பதிந்து தாய்க்கு அனுப்புவோம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு துண்டுக் குரலைக் கேட்டுத்தான் அந்தப் பெண்கள் அங்கே அடுத்த வாரத்தை ஓட்டினார்கள்.

இந்த யோசனை கனிஷாயுடையது. எங்கள் கடையில் வேலை செய்த பெண். சனிக்கிழமை தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி உட்காரவைத்துக் கதை படிப்பாள். ஆடு வந்தால் ஆடாகக் கத்துவாள், வாசலில் போகிற நிஜ ஆடு திரும்பிப் பார்க்கும். அவள் புருஷன் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான். இவளும் மகள் ஜிபெக்கும் அண்ணன் மமத்குல் வீட்டில் இருந்தார்கள். மமத்குல் நெல் விவசாயி. தங்கமான மனிதர், தங்கையை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் எத்தனை நாள்? தனக்கென்று ஓர் அறையும் அடுப்பும் வேண்டும் என்று இவளுக்கு ஆசை. எங்கள் கடைச் சம்பளத்தில் அடுப்பு வாங்கலாம், அறை கட்ட முடியாது.

மாஸ்கோவுக்கு வேலைக்குப் போகிற அன்று ஆடு கதைப் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "புருல் அக்கா, நீ வாயத் தொறந்து கத படிச்சிராத. புள்ளைங்க பயந்துக்கும்."

"போடி, செருப்பு வித்தவ வாயி. உன் மாஸ்கோ வரைக்கும் கேக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

ஜிபெக்குக்கு அப்போது ஆறு வயது. அவள் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் விக்கல் மாதிரி ஒன்று வரும். அப்புறம் மூச்சே வராது. சரி, என்னவோ ஆகிவிட்டது என்று நாம் எழுந்திருக்கும்போது கலகலவென்று கொட்டும். கடையில் இருக்கிற அத்தனை பேரையும் தொற்றிக்கொள்ளும். அம்மா குரலில் ஆடு வழுக்கி விழுகிற இடம் வரும்போதெல்லாம் அதே சிரிப்புதான். அதைப் பதிந்து அனுப்பினால் கனிஷாய் உடனே பதில் போடுவாள். "இன்னைக்கு நாலு மாடிப் படியையும் தொடச்சேன், முட்டி வலிக்கவே இல்லக்கா" என்பாள்.

இளவேனிலில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று ஜிபெக் வாய்க்காலில் விழுந்துவிட்டாள். மலையில் பனி உருகி வந்த தண்ணீர், அப்படி ஓர் இழுப்பு. மமத்குல் கூப்பிடுகிற தூரத்தில்தான் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மதகுக் கட்டையில் போய்த் தங்கியிருந்த பிள்ளையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. அதை நான் விவரிக்கப் போவதில்லை. காலில் ஒரே ஒரு காலுறை இருந்தது, அதை நான்தான் கழற்றினேன். மறுநாள் நண்பகலுக்குள் அடக்கம் முடிந்தது. கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் மமத்குல் வீட்டில் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தோம். துக்க வீடென்றால் மாவுத் துண்டு எண்ணெயில் பொரிகிற வாசனைதான். மூன்று நாள் என் தலைமுடியெல்லாம் அந்த வாசனை.

மமத்குல் எங்கள் இருவரையும் வேலி ஓரமாகக் கூப்பிட்டார். முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது.

"அக்கா, கனிஷாய்க்கு யாரும் சொல்லலை. சொல்லவும் கூடாது."

எங்கள் ஊரில் சாவுச் சேதியைப் போனில் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கிற நெருங்கிய சொந்தத்துக்குச் சேதி போகாது, அவர்களைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும். வந்த பிறகு, பெரியவர்கள் நாலு பேர் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். பலசாலியான இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி கிண்ணத்தில் தண்ணீரோடு நிற்பாள். மூத்தவர் முதலில் பயணம் எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டு, மெல்ல மெல்ல வந்து சொல்வார். தனியாக இருக்கிறவர்களுக்குச் சொல்லி, அவர்கள் மாடியிலிருந்து குதித்த கதை எல்லாத் தெருவிலும் ஒன்று உண்டு. அதனால் இது நல்ல வழக்கம்தான். நானே அப்படிக் கைபிடிக்கப் போயிருக்கிறேன்.

"எப்ப சொல்லப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அவளுக்கு அங்க தங்குற காகிதம் முடிஞ்சுபோச்சு. இப்ப வெளிய வந்தா திரும்ப அவளால போகவே முடியாது. அறுவடைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. வரட்டும். முறையா சொல்லிக்கலாம்."

"அறுவடைக்கா! இப்பத்தான் நாத்து நடுற காலம். அதுவரைக்கும் அவ புள்ளைக்குக் கத படிச்சு அனுப்பிட்டே இருப்பாளே, அதுக்கு என்ன சொல்றது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கல் அக்காவைப் பார்த்தார். "அதுக்குத்தான் அக்கா உங்களக் கூப்பிட்டேன். நீங்க ஏதாவது பாத்துச் செய்ங்க. புள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு, பேச முடியலன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியல." திடீரென்று வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். "எங்கிட்ட ஒப்படச்சுட்டுப் போனா. நான் கூப்பிடுற தூரத்துலதான் நின்னேன், அக்கா."

அவரை என்ன திட்டுவது? எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனால் தெருவுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"இது நம்ம வேலையா அக்கா? ஊரு வாயப் பொத்திக்கட்டும். நாம கதக் கடை. அந்தப் பொண்ணு நம்மள நம்பிக் குரல் அனுப்புது."

"என்னைய என்ன செய்யச் சொல்ற? போன் போட்டு உன் புள்ள செத்துருச்சுன்னு சொல்லவா?"

"ஒண்ணும் சொல்லாம இரு. அனுப்பாம இரு. அவ சந்தேகப்படட்டும். சந்தேகப்பட்டாத்தான் கிளம்பி வருவா."

"அங்க ஒரு ரூம்ல ஒம்போது பொம்பளைங்க. சந்தேகத்தோட அவ எப்படி இருப்பா? யோசி."

"நீதான் யோசிக்க மாட்டேங்கிற!" என்று நான் கத்தினேன். அரிசி மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "ஊரு உன் கடைக்கு வராமப் போயிரும்னு பயம் உனக்கு. அதச் சொல்லு."

அக்கா நடந்துகொண்டே சொன்னாள். "ஆமா, பயம்தான். முறைய மீறிப் போன்ல சாவு சொன்ன கடைன்னு பேரு வந்தா எந்தத் தாயும் புள்ளைய அனுப்ப மாட்டா. மத்த புள்ளைங்களுக்கு யாரு கத போடுவா? நீயா?"

அவள் கேட்டது நியாயம்தான், ஆனாலும் நாங்கள் செய்யப்போவது தப்புதான் என்று எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமை கனிஷாயின் குரல் வந்துவிட்டது. அதே புத்தகத்தில் அடுத்த கதை. ஒட்டகம் ஒன்று மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள் புகுகிற கதை. அவள் மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பாள், அறையில் ஒரே இரைச்சல் என்று. பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "ஜிபெக், கண்ணு, சட்டை பட்டன போட்டுக்க, மழை வருது, இப்பப் பக்கத்தத் திருப்பு."

கேட்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாய் நாலு மாடி துடைத்துவிட்டு வந்து படிக்கிறாள், அதை யாரும் கேட்கவில்லை என்றால் அது பாவம் இல்லையா? ஜிபெக்கின் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் சொன்ன இடத்திலெல்லாம் நான் திருப்பினேன். மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஜிபெக் உட்காரும் சின்னக் கம்பளத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நான் சொல்லவே இல்லை, அதுகளாகவே விட்டுவைத்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதியம் கனிஷாயிடமிருந்து சேதி வந்தது. "என்ன, இன்னும் எம்பொண்ணு குரலக் காணோம்? புருல் அக்கா, தூங்கிட்டியா?" சாயங்காலம் இன்னொன்று. அதில் கேலி இல்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

சைக்கல் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பதிவுகளைத் தேடினாள். போன குளிர்காலத்தில் பதிந்து, அனுப்பாமல் விட்ட சிரிப்புகள் சில இருந்தன. பேச்சே இல்லாமல் வெறும் சிரிப்பு மட்டும். விக்கல், மூச்சில்லாத இடைவெளி, அப்புறம் கொட்டுகிற சிரிப்பு. "தொண்டை கட்டியிருக்கு, அதிகம் பேச முடியல. ஆனா கதையக் கேட்டுட்டுச் சிரிச்சா" என்று எழுதி, அதில் ஒரு சிரிப்பைச் சேர்த்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்று தேநீர்கூட வேறு வேறு கெட்டிலில் போட்டுக் குடித்தோம்.

பதில் உடனே வந்தது. கனிஷாயும் சிரித்துக்கொண்டே பேசியிருந்தாள். "அய்யோ, இந்தச் சிரிப்பு! ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்க்கா. எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சோம்."

அந்த அறையில் இருந்த பெண்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரிகள். அவர்களுக்கு விஷயம் தெரியும். அவர்களும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் ஒரு சிரிப்பு போனது. அதற்கு அடுத்ததும். அக்கா ஒவ்வொரு முறையும் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றாள். இளைத்துப்போனாள். கடைக்கு வருகிறவர்களுக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தாள். ஒருநாள் கனிஷாய் எனக்கே போன் செய்தாள். எடுத்துத் தொலைத்தேன்.

"அக்கா, உண்மையச் சொல்லு."

நான் போனோடு வாசலுக்கு வந்தேன்.

"அவ என்னைய மறந்துட்டாதானே? அதான் பேச மாட்டேங்கிறா. சிரிக்கிறது மட்டும்தான் எனக்கு வருது."

"சீ, வாயக் கழுவு. உன்னைய மறப்பாளா அவ?" என்றேன். அது பொய் இல்லை. அதை மட்டும்தான் அவளிடம் உண்மையாகச் சொன்னேன். போனை வைத்த கையோடு அக்காவிடம் போய், "நாளைக்கே மமத்குல் அண்ணன்கிட்ட பேசு. இல்லைன்னா நான் பேசுவேன். ஆளுங்கள மாஸ்கோவுக்கு அனுப்பியாவது சொல்லட்டும்" என்று குதித்தேன். அக்கா சரி என்றாள். மமத்குலும் சரி என்றார். அங்கே இருக்கிற ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து, பெண்களைக் கூட்டி, முறைப்படி அங்கேயே சொல்லிவிடலாம் என்று பேச்சானது. ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

சனிக்கிழமைதான். அந்த வாரக் குரலை, மறுபடி அந்த ஒட்டகக் கதைதான், போட்டுவிட்டு, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். அக்கா மேஜையில் கணக்கு வாத்தியார் ஒருவருக்கு நோட்டு கட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. "நல்ல சேதி கொண்டாந்திருக்கேன், பரிசு எடுத்து வைங்க!" என்று ஒரு குரல். எங்கள் பக்கம் நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் அப்படித்தான் சத்தம் போட்டுக்கொண்டு நுழைவார்கள். பார்த்தால் கனிஷாய். மெலிந்திருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். கையில் சக்கரம் வைத்த பள்ளிக்கூடப் பை, பளீரென்ற ரோஸ் நிறம்.

போனில் அவள் குரல் கதை படித்துக்கொண்டிருந்தது. அவள் நின்று தன் குரலையே கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, எம்பொண்ணு புத்தகத்த நீ வச்சுப் படிச்சுட்டிருக்க? எங்க அவ?"

நான் வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் கேட்கிற என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"இன்னும் வரலம்மா" என்றாள் சைக்கல் அக்கா. குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. "மமத்குல் கூட்டிட்டு வருவாரு. உக்காரு. டீ குடி."

"வேணாம், நானே போறேன். திடீர்னு போயி நிக்கணும். யாருக்குமே சொல்லலக்கா நான். அந்தச் சிரிப்ப நீங்க வாராவாரம் அனுப்புனீங்கல்ல? என்னால இருக்க முடியல. காகிதமாவது மண்ணாங்கட்டியாவது. அறையும் வேணாம் அடுப்பும் வேணாம், எம்பொண்ணோட அண்ணன் வீட்டுத் திண்ணை ஓரமா கெடந்துக்கறேன்னு வந்துட்டேன்."

"வழியில மாறிப் போயிருவீங்க" என்று அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நான் போன் பண்ணி வரச் சொல்றேன்." வாசலுக்கு வெளியே போய்ப் போனில் பேசினாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. கணக்கு வாத்தியார் நோட்டை அப்படியே விட்டுவிட்டு, கையை நெஞ்சில் வைத்து எங்களுக்குத் தலைகுனிந்துவிட்டு வெளியே போனார்.

கனிஷாய் பையை ஜிபெக்கின் கம்பளத்தில் வைத்தாள். என் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கினாள். "குடு இங்க. இனிமே போனு எதுக்கு? நானே படிக்கிறேன்." பிள்ளைகளைப் பார்த்து, "எங்க விட்டோம்? ஒட்டகம் தலைய மட்டும் உள்ள விட்டுச்சா? வாங்க கிட்ட" என்றாள்.

படித்தாள். ஒட்டகமாக முனகினாள், கழுத்தை நீட்டினாள், கூடாரக்காரன் கோபத்தில் துள்ளுவதைத் துள்ளியே காட்டினாள். அவ்வளவு நன்றாக அவள் என்றைக்கும் படித்ததில்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை கனிஷாயின் கால் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன, எல்லாருக்கும் பல்லு வலியா?" என்றாள் கனிஷாய். "ஜிபெக் வரட்டும். அவ சிரிச்சா நீங்க எப்படிச் சிரிக்காம இருக்கீங்கன்னு பாக்கறேன்."

நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புத்தகம் அடுக்குவதாகப் பேர்.

வண்டிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. முதலில் தெருவின் மூத்தவர் வந்தார், வெள்ளைக் கம்பளித் தொப்பி. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெரியவர்கள். பிறகு மமத்குல், அவர் மனைவி. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். அந்தப் பெண்கள் யாரிடமும் ஒன்றும் பேசாமல் நேராக வந்து கனிஷாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மமத்குலின் மனைவி கையில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது.

"பயணம் நல்லபடியா இருந்துச்சாம்மா? உடம்பு நல்லாருக்கா?" என்றார் மூத்தவர்.

கனிஷாய் எங்கள் ஊர்ப் பெண். அவளும் இப்படி எத்தனை வீட்டுக்குப் போய் எத்தனை கையைப் பிடித்திருக்கிறாள். புத்தகத்தில் விரலை வைத்தபடி அவள் எல்லோரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். செத்தது யார் என்று கேட்கவில்லை. வந்தவர்களில் யார் இல்லை என்று தேடினாள்.

"அண்ணே, நீ இருக்க" என்றாள். "அண்ணி, நீங்க இருக்கீங்க. உங்க பசங்க? ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா?"

மமத்குல் ஆமென்று தலையை ஆட்டினார்.

"சித்தப்பா?"

"நல்லாருக்காரும்மா" என்றார் மூத்தவர்.

"அப்ப..." அவள் அவர்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "எல்லாரும் இங்க வந்துட்டீங்களே. எம்பொண்ண யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

மூத்தவர் தொப்பியைத் தொட்டுச் சரிசெய்தார். "மனசத் திடமா வச்சுக்கம்மா. குடுத்தவனே எடுத்துக்கிட்டான். வாய்க்கால்ல தண்ணி விட்ட அன்னைக்கு..."

"இல்ல" என்றாள் கனிஷாய். சாதாரணமாகச் சொன்னாள், விலை தப்பாகச் சொன்ன கடைக்காரனைத் திருத்துகிற மாதிரி. "இல்ல பெரியப்பா. உங்களுக்குத் தெரியாது. போன சனிக்கிழமை சிரிச்சா. எங்கிட்ட இருக்கு."

கையைப் பெண்களிடமிருந்து உருவிக்கொண்டு போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாகத் தொட்டாள். பிறகு அது வந்தது. முதலில் விக்கல். மூச்சில்லாத இடைவெளி. அப்புறம் ஜிபெக் சிரித்தாள். கடை முழுக்கச் சிரித்தாள். மமத்குல் தரையில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு ஓவென்று கத்தினார். முன்பல் இல்லாத அந்தக் குழந்தை, பாவம், பழக்கத்தில் தானும் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது.

சைக்கல் அக்கா முன்னால் வந்து நின்றாள். "அது பழசும்மா. போன குளிர்காலத்துல எடுத்தது. நான்தான் அனுப்பினேன்."

"மத்ததெல்லாம்?"

"எல்லாமே."

கனிஷாய் அழவில்லை. அண்ணி நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

"எம்புள்ள மண்ணுக்குள்ள கெடந்திருக்கா" என்றாள். "நான் அங்க ஒவ்வொருத்தியா எழுப்பி உக்கார வச்சு, எம்பொண்ணு சிரிப்பக் கேளுங்கடின்னு போட்டுக் காட்டிட்டுச் சிரிச்சிட்டு இருந்திருக்கேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்லக்கா. அழ வேண்டிய நாளு அத்தனையும் சிரிச்சிருக்கேன். நான் பெத்தவளா, இல்ல பேயா?"

"நீ தனியா இருந்தம்மா... தாங்க மாட்டியேன்னு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"தாங்கியிருக்க மாட்டேன்" என்றாள் கனிஷாய். "தாங்காம இருக்கத்தானே நான் தாயி."

இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் மறுபடி அவள் கையைப் பிடித்தார்கள். வழக்கப்படி, அவள் இப்போதுதான் விழ வேண்டும்.

"விடுங்க. நான் விழல" என்றாள். எழுந்து நின்றாள். "அண்ணே, எந்திரி. எங்க வச்சிருக்கன்னு வந்து காட்டு."

மமத்குல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்து போனாள். பெரியவர்கள் பின்னால் போனார்கள். சைக்கல் அக்காவும் போக ஓர் அடி எடுத்துவைத்தாள். கனிஷாய் திரும்பிப் பார்த்தாள், அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.